பள்ளி நேரத்தில் பிள்ளைகளுக்கு மருந்து கொடுப்பது: பெற்றோரும் ஆசிரியரும் கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் கிராமப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் செவிலியர் என்று ஒருவர் இருப்பதில்லை. பிள்ளைக்கு மதியம் ஒரு மாத்திரை கொடுக்க வேண்டுமென்றால், அதைக் கொடுப்பவர் வகுப்பாசிரியராகத்தான் இருப்பார். அந்த நிலையை மனத்தில் கொண்டே இங்குள்ள பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இவை பொதுவான விளக்கங்களே. உங்கள் பிள்ளைக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டும் இங்குள்ள பதிலும் மாறுபட்டால், சீட்டில் உள்ளதையே பின்பற்ற வேண்டும்.

மருத்துவர் மூன்று வேளை என்று எழுதியிருக்கிறார். மதிய மருந்தைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்ப வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. காலையில் பள்ளிக்குப் புறப்படும் முன் ஒன்று, மாலையில் வீடு திரும்பியதும் ஒன்று, இரவு படுக்கும் முன் ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாமா என்பதை மருத்துவரிடம் அங்கேயே, சீட்டு எழுதும்போதே, கேட்டுவிடுங்கள். "பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான், இரண்டு வேளையாகக் கொடுக்கிற மருந்து இருக்கிறதா?" என்றும் கேட்கலாம். பல மருந்துகளுக்கு அப்படி ஒரு வழி உண்டு. பள்ளிக்கு வராத மருந்தில் பள்ளியில் தவறு நேர வாய்ப்பே இல்லை. ஆனால் நேரத்தை நாமாக மாற்றிக்கொள்ளக் கூடாது. குறிப்பாக வலிப்பு மாத்திரை, இன்சுலின், இதய நோய்க்கான மாத்திரை ஆகியவற்றில் மருத்துவரைக் கேட்காமல் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடுவதை வழக்கமாக்க வேண்டாம்.

கொடுத்தனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் எப்படி அனுப்புவது?

கோடு போட்ட நோட்டுத் தாளைக் கிழித்து, அதில் ஒரு வெள்ளை மாத்திரையை மடித்து, ஜாமெட்ரி பெட்டியில் வைத்து அனுப்புவதுதான் இங்கே பரவலான வழக்கம். அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கும் ஆசிரியருக்கு, அது பாராசிட்டமாலா, வலிப்பு மாத்திரையா, பாட்டியின் ரத்த அழுத்த மாத்திரையா என்று அறிய எந்த வழியும் இல்லை. அப்படி வரும் மருந்தை ஆசிரியர் கொடுக்கக் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. பெற்றோர் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

மாத்திரை அதன் அட்டையோடும், சிரப்பும் சொட்டு மருந்தும் அவற்றின் அசல் பாட்டிலோடும் வர வேண்டும். அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது, பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கம் பள்ளிக்கு வரும் துண்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெட்டிய அட்டைத் துண்டுகளைக் காகித உறையில் போட்டு, காலைக்கும் இரவுக்கும் கோடு போட்டுக் கொடுத்திருந்தால், உறையின் மேலேயே மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் எழுதித் தரும்படி மருந்தாளுநரிடம் கேளுங்கள். அரை மாத்திரை என்றால் வீட்டிலேயே உடைத்து, மருந்துக் கடையில் கொடுக்கும் சிறிய உறையில் பெயர் எழுதி, அட்டையையும் சேர்த்து அனுப்புவது நல்லது. ஆசிரியர் மேசையில் சாக்பீஸ் தூளுக்கு நடுவே மாத்திரை உடைக்கும் வேலை வேண்டாம்.

மருந்தை ஒரு பெரியவர் நேரில் வந்து ஒப்படைப்பதே முறை. நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் தாயும் தந்தையும் விடியுமுன்பே வயலுக்குப் போய்விடும் வீடுகள் இங்கே ஏராளம். அவர்களை வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அப்போது தாத்தா, பாட்டி, சித்தி, அத்தை என யாராவது வரலாம். அதுவும் இயலாவிட்டால், ஒட்டிய உறையில் வைத்து, எத்தனை மாத்திரை உள்ளே இருக்கிறது என்று மேலே எழுதி அனுப்பிவிட்டு, ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். வேன் ஓட்டுநரிடமும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையிலும் கொடுத்தனுப்ப வேண்டாம்.

கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

மருத்துவச் சீட்டின் நகலோடு ஒரு பக்கக் கடிதம் போதும். ஒரு மாதிரி:

"தலைமையாசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான்காம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு, களத்தில் நெல் தூற்றும்போது உமி பட்டு இடது கண்ணில் புண் ஏற்பட்டுள்ளது. கண் மருத்துவர் மாக்ஸிஃப்ளாக்சசின் சொட்டு மருந்து கொடுத்துள்ளார். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 11 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும், இடது கண்ணில் மட்டும் ஒவ்வொரு சொட்டு விட வேண்டும். வீட்டில் காலை 7 மணிக்கு விட்டுவிட்டோம். பாட்டில் நேற்றுத் திறக்கப்பட்டது. இவளுக்கு வேறு எந்த மருந்தும் ஒத்துக்கொள்ளாமல் போனதில்லை. ஐயம் இருந்தால் என்னையோ என் அண்ணனையோ அழைக்கவும்."

இதன் கீழே இரண்டு தொலைபேசி எண்களும், கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ, தேதியும் இருக்க வேண்டும். "இடது கண்ணில் மட்டும்", "வீட்டில் எப்போது கொடுத்தோம்", "எந்த நாளோடு முடிகிறது" என்ற மூன்று செய்திகளும் கடிதங்களில் பெரும்பாலும் விடுபடுபவை. முடியும் நாள் எழுதப்படாத மருந்து, யாரும் நிறுத்தச் சொல்லாததால் மாதக் கணக்கில் தொடர்வதுண்டு. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் நேரில் சொல்ல, ஆசிரியர் எழுதி, படித்துக் காட்டி ரேகை வாங்கிக்கொண்டால் அதுவும் கடிதமே.

மருந்து கொடுக்கும்போது ஆசிரியர் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் பிள்ளையைப் பாருங்கள். ஒரே வகுப்பில் இரண்டு கார்த்திக், மூன்று பிரியா இருப்பது சாதாரணம். "நீ பிரியாதானே?" என்று கேட்டால் எந்தப் பிரியாவும் தலையாட்டுவாள். "உன் பேர் என்ன, அப்பா பேர் என்ன?" என்று கேட்டு, அவள் வாயாலேயே சொல்ல வைத்து, கடிதத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு மருந்தின் பெயர், அளவு, நேரம், காலாவதித் தேதி. விழுங்கும் வரை அருகில் நின்று, விழுங்கிய உடனேயே பதிவேட்டில் எழுதிவிடுங்கள். மாலையில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், கொடுத்தோமா இல்லையா என்ற ஐயம் வந்து, இன்னொருவர் இரண்டாம் முறை கொடுத்துவிடும் ஆபத்து உண்டு.

பதிவேட்டுக்கென்று அச்சிட்ட படிவம் தேவையில்லை. நீள நோட்டு ஒன்றில் தேதி, நேரம், தந்தை பெயரோடு பிள்ளையின் பெயர், மருந்து, அளவு, கொடுத்தவர் கையெழுத்து என்று கட்டம் போட்டால் போதும். பிள்ளை விடுப்பு என்றாலும், வாந்தி எடுத்துவிட்டது என்றாலும் அதையும் எழுத வேண்டும். ஒரு ஆசிரியர் பொறுப்பு, அவர் வராத நாளில் இன்னொருவர் என்று முன்பே பெயர் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிலவகை மாத்திரைகளை நசுக்கிக் கொடுக்கக் கூடாது. மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட வலிப்பு மாத்திரைகளும், கவனக்குறைவும் மிகை இயக்கமும் உள்ள பிள்ளைகளுக்கான சில மாத்திரைகளும் அத்தகையவை. பிள்ளை விழுங்கச் சிரமப்பட்டால் நசுக்கலாமா என்பதைப் பெற்றோர் முன்பே கேட்டு எழுதித் தர வேண்டும்.

தவறான மருந்தையோ இரட்டை அளவையோ கொடுத்துவிட்டால்?

மறைக்கக் கூடாது. உடனே பெற்றோரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் அழைத்து, மருந்தின் பெயரையும் எத்தனை மில்லிகிராம் என்பதையும் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தோ தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பிள்ளை மயங்கினாலோ, மூச்சு மாறுபட்டாலோ 108-ஐ அழையுங்கள். அட்டையையும் பாட்டிலையும் கூடவே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

நாளைக்கு ஏதாவது ஆனால் ஆசிரியர் மேல் வழக்கு வருமா?

இந்த அச்சம் நியாயமானதே. நோயைக் கண்டறிவதும், எந்த மருந்து என்று முடிவு செய்வதும் ஆசிரியரின் வேலை அல்ல. மருத்துவர் எழுதியதை, பெற்றோர் எழுத்தில் கேட்டுக்கொண்டபடி கொடுப்பது வேறு, தாமாக ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுப்பது வேறு. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 27-வது பிரிவு, 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் நலனுக்காகக் காப்பாளரின் இசைவோடு நல்லெண்ணத்தில் செய்யும் செயலுக்குப் பாதுகாப்பு தருகிறது. 30-வது பிரிவு, இசைவு பெற நேரமில்லாத அவசரத்தில் ஒருவரின் நலனுக்காக நல்லெண்ணத்தில் செய்யும் செயலைக் காக்கிறது. இரண்டுக்கும் வரம்புகள் உண்டு. உரிய கவனமின்றிச் செய்த எதையும் நல்லெண்ணத்தில் செய்ததாகச் சட்டம் ஏற்பதில்லை. கடிதமும் பதிவேடும் அந்தக் கவனத்துக்கான சான்றுகள்.

ஊசி போடுவது, ஆசனவாய் வழியாக மருந்து செலுத்துவது போன்றவற்றைப் பயிற்சி இல்லாத ஆசிரியரிடம் எதிர்பார்க்கக் கூடாது. மனமுவந்து முன்வருபவருக்கு மருத்துவரோ கிராம சுகாதாரச் செவிலியரோ நேரில் செய்து காட்டிய பிறகே அந்தப் பொறுப்பு தரப்பட வேண்டும்.

தலைவலி, காய்ச்சல் என்றால் பள்ளியே ஒரு பாராசிட்டமால் கொடுத்துவிடலாமே?

பெற்றோரிடம் தொலைபேசியில் கேட்காமல் கொடுக்க வேண்டாம். காலையில் காய்ச்சலோடு எழுந்த பிள்ளைக்கு ஒரு மாத்திரை போட்டு அனுப்பிவிட்டு, அதைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையே குறைந்தது 4 மணி நேரம் கழிய வேண்டும். சளிக்கென்று விற்கும் கூட்டு மாத்திரைகளிலும் சிரப்புகளிலும் பாராசிட்டமால் கலந்திருப்பதால், தெரியாமலேயே இரட்டை அளவு சேர்ந்துவிடும்.

அளவு வயதை வைத்து அல்ல, எடையை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அதிக அளவே 300 மில்லிகிராம்தான். முழு 500 மில்லிகிராம் மாத்திரை அவனுக்கு மிக அதிகம். பெரியவர்கள் போடும் மாத்திரையில் பாதி என்ற வீட்டுக் கணக்கு சில பிள்ளைகளுக்குப் பொருந்தும், சில பிள்ளைகளுக்குப் பொருந்தாது.

ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. நிமெசுலைடு என்னும் வலி, காய்ச்சல் மருந்தை 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுப்பது இந்தியாவில் 2011-ல் தடை செய்யப்பட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்கு பரவும்போது, காய்ச்சல் பிள்ளைக்கு ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகளையும் தவிர்க்க வேண்டும். தலைவலி என்று வரும் பிள்ளையிடம், மருந்தைத் தேடும் முன் "காலையில் சாப்பிட்டாயா, தண்ணீர் குடித்தாயா, கரும்பலகை தெரிகிறதா?" என்று கேளுங்கள். பாதிக்கு மேற்பட்ட தலைவலிக்கு அந்தக் கேள்வியிலேயே விடை கிடைத்துவிடும் என்பது எங்கள் எண்ணம்.

சிரப்பை எந்த ஸ்பூனில் கொடுப்பது?

பாட்டிலோடு வரும் மூடியளவிலோ, மில்லி குறித்த சிரிஞ்சிலோ மட்டும். சத்துணவுக் கூடத்து ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்றும் 250 மில்லிகிராம் என்றும் இரண்டு விதமாக விற்கப்படுவதால், "5 மில்லி" என்று மட்டும் எழுதினால் போதாது. இருமல் சிரப்பைப் பள்ளிக்கு அனுப்பவே வேண்டாம். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் இறந்த பிறகு, 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொதுவாக இத்தகைய மருந்துகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. அதற்கு மேற்பட்ட வயதிலும் இருமலுக்காக ஒரு பாட்டில் பள்ளிப் பையில் போகும் அளவுக்குத் தேவை இருப்பதில்லை.

மருந்தைப் பூட்டி வைக்க வேண்டுமா, பிள்ளையின் பையிலேயே இருக்கலாமா?

இதில் இரண்டு விதிகள் உண்டு, அவை ஒன்றுக்கொன்று எதிரானவை. அன்றாட மருந்துகள் அனைத்தும் தலைமையாசிரியர் அறை பீரோவில் பூட்டப்பட்டிருக்க வேண்டும். அவசர மருந்துகள் ஒருபோதும் பூட்டப்படக் கூடாது. மூச்சிரைப்புக்கான இன்ஹேலர், சர்க்கரை குறையும்போது கொடுக்கும் குளுக்கோஸ், வலிப்புக்கு மூக்கில் அடிக்கும் ஸ்பிரே, கடும் ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஆகியவை இந்த இரண்டாம் வகை. இவற்றுக்குப் பீரோச் சாவியைத் தேடும் நேரம் கிடையாது. தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டத்துக்குப் போன நாளில் சாவியும் அவர் சட்டைப் பையிலேயே போய்விடும்.

விவரம் தெரிந்த பிள்ளை, அதாவது ஏறத்தாழ ஆறாம் வகுப்புக்கு மேல், இன்ஹேலரைத் தன் பையில் வைத்துக்கொள்ளலாம். சிறிய பிள்ளைக்கு அது வகுப்பறையிலேயே, மற்ற பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், ஆசிரியருக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். விளையாட்டு மைதானத்துக்குப் போனாலும் அந்தப் பை கூடப் போக வேண்டும்.

பல மருந்துகளின் உறையில் 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழ் வைக்கவும் என்று அச்சிட்டிருக்கும். சித்திரை, ஆனி மாதங்களில் ஜன்னலோர இரும்பு பீரோ அதைவிட வெகுவாகச் சுடும். வெயில் படாத சுவரோரம் பீரோவைத் தள்ளி வையுங்கள்.

என் மகனுக்கு வீசிங் உண்டு. இன்ஹேலர் பழகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். பள்ளிக்குக் கொடுக்கலாமா?

கொடுங்கள். இன்ஹேலர் போதைப்பொருள் அல்ல. மாத்திரையாகவோ சிரப்பாகவோ உடல் முழுவதும் போகும் மருந்தைவிட மிகக் குறைந்த அளவு, நேரே நுரையீரலுக்குப் போகிறது. மூச்சிரைப்புக்கான சால்பியூட்டமால் மருந்து இன்ஹேலரில் ஓர் அழுத்துக்கு 100 மைக்ரோகிராம்தான். அதே மருந்து மாத்திரையில் 2 அல்லது 4 மில்லிகிராம், அதாவது 20, 40 மடங்கு.

டெல்டாவில் தை, மாசியில் சம்பா அறுவடை இயந்திரம் ஓடும்போது எழும் தூசியும், வைக்கோல் எரிக்கும் புகையும் இந்தப் பிள்ளைகளுக்குக் கடினமான காலம். வயலை ஒட்டிய பள்ளிகளில் அந்த வாரங்களில் இன்ஹேலரில் மருந்து மீதம் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

ஸ்பேசர் என்னும் குழாய் இல்லாமல் நேரே வாயில் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிடும். வாங்க வசதியில்லாவிட்டால், 500 மில்லி தண்ணீர் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்குத் துளையிட்டு, சுற்றிலும் டேப் ஒட்டி, பாட்டிலின் வாயைப் பிள்ளை தன் உதடுகளால் கவ்விக்கொண்டு மூச்சிழுக்கலாம். இது மருத்துவர்களே ஏற்கும் மாற்று. ஒரு நேரத்தில் ஓர் அழுத்து, அதன் பிறகு நான்கைந்து நிதானமான மூச்சு, பிறகே அடுத்த அழுத்து. எத்தனை அழுத்து என்பது சீட்டில் இருக்கும். பிள்ளையைப் படுக்க வைக்காமல் உட்கார வையுங்கள். பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, மருந்துக்கு அடங்காவிட்டாலோ 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை இன்ஹேலரைத் தொடருங்கள்.

வகுப்பில் வலிப்பு வந்தால்?

கையில் இரும்புச் சாவியைத் திணிக்க வேண்டாம். வலிப்பு தானாக நிற்கும் நேரத்தில் சாவியும் கையில் இருப்பதால், சாவியால் நின்றது என்ற நம்பிக்கை உயிரோடு இருக்கிறது. வாயில் ஸ்பூனோ துணியோ வைக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது, கை கால்களை அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. பெஞ்சை நகர்த்தி, தலைக்குக் கீழே பையை வைத்து, ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, உடனே கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் நின்றுவிடும். 5 நிமிடத்தைத் தாண்டினால் அது அவசரநிலை. மருத்துவர் மிடாசோலம் மூக்கு ஸ்பிரே எழுதிக் கொடுத்திருந்தால், சீட்டில் எழுதியபடி அப்போது அடிக்க வேண்டும், 108-ஐயும் அழைக்க வேண்டும். முன்பு வலிப்பே வந்திராத பிள்ளை என்றால் 5 நிமிடம் காத்திருக்காமல் அழையுங்கள்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. பள்ளியில் வலிப்பு வருவதற்கு முந்தைய நாள்களில் வீட்டில் மாத்திரை தவறியிருப்பது அடிக்கடி காணப்படுகிறது. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்குப் போகும்போது முதலில் எடுத்து வைக்க வேண்டியது மாத்திரைதான்.

இன்சுலின் போடும் பிள்ளையைப் பள்ளியில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்கு இன்சுலின் இல்லாமல் வாழ்வில்லை. இனிப்பு அதிகம் தின்றதால் வந்த நோயும் அல்ல. இவர்களில் பலருக்குக் காலையிலும் இரவிலும் மட்டுமின்றி மதிய உணவுக்கு முன்பும் ஊசி உண்டு. ஐந்தாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது 2023 ஆகஸ்ட் 25-ல், நாகப்பட்டினம் மாவட்டத் திருக்குவளையில்தான். ஆகவே பிள்ளை வீட்டில் ஊசி போட்டுவிட்டுப் பள்ளியில் சாப்பிடுகிறதா, வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறதா என்பதை ஆசிரியரும் பெற்றோரும் பேசி முடிவு செய்ய வேண்டும். ஊசி வீட்டில் 7 மணிக்கு, உணவு பள்ளியில் எட்டரை மணிக்கு என்று இடைவெளி விழுந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். பார்வைக்கு அதிகாரிகள் வருவதாலோ, விளையாட்டுப் பயிற்சியாலோ மதிய உணவு தாமதமாகும் நாளில், இந்த ஒரு பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிட விடுங்கள்.

வியர்வை, நடுக்கம், திடீர் எரிச்சல், பேச்சுக் குழறல், காரணமில்லாத அழுகை ஆகியவை சர்க்கரை குறைவதன் அறிகுறிகள். சர்க்கரை அளக்கும் கருவியில் 70-க்குக் கீழ் காட்டினாலோ, கருவி கையில் இல்லாவிட்டாலும் அறிகுறி தெரிந்தாலோ, மூன்று டீஸ்பூன் சர்க்கரையை, அதாவது ஏறத்தாழ 15 கிராமை, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள், குறைவாகவே இருந்தால் மீண்டும் கொடுங்கள். பிறகு ஏதாவது சாப்பிட வையுங்கள். "சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையா?" என்று தயங்கி நிற்பதுதான் பெரிய ஆபத்து. பிள்ளை நினைவிழந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். தலைசுற்றுகிறது என்று சொல்லும் இந்தப் பிள்ளையைத் தனியாகக் கழிப்பறைக்கோ வீட்டுக்கோ அனுப்பவே கூடாது.

திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வரையான குளிர் தேவை. பயன்பாட்டில் உள்ள குப்பியைப் பெரும்பாலும் நான்கு வாரம் வரை அறை வெப்பத்தில் வைக்கலாம் என்றாலும், நம் ஊர்க் கோடையின் அறை வெப்பம் அந்தக் கணக்கில் வராது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத பள்ளியில், மண்பானையில் ஈர மணல் போட்டு, உள்ளே ஒரு டப்பாவில் குப்பியை வைப்பது நன்றாகவே பயன்படும். பயன்படுத்திய ஊசியைக் குப்பைக் கூடையில் போடாமல், மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்துப் பெற்றோரிடம் கொடுத்துவிடுங்கள்.

பொதுத்தேர்வைப் பொறுத்தவரை, மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017 முதல் இந்தப் பிள்ளைகள் குளுக்கோஸ் மாத்திரை, பழம், தின்பண்டம், தண்ணீர் ஆகியவற்றைத் தேர்வறைக்குள் எடுத்துச் செல்ல அனுமதிக்கிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவர்கள், தேர்வுக்கு வெகு முன்னதாகவே மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பித்து வைப்பது நல்லது.

பள்ளியிலேயே கொடுக்கும் பூச்சி மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் கட்டாயமா? ஏதாவது ஆகிவிடாதா?

கட்டாயம் இல்லை, ஆனால் வேண்டாம் என்று சொல்ல வலுவான காரணமும் பெரும்பாலும் இருப்பதில்லை. தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015-ல் தொடங்கியது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்பவை அதற்குரிய நாள்கள், மாவட்டத்துக்கேற்ப நாள் மாறி அறிவிக்கப்படுவதும் உண்டு. 2 வயதுக்கு மேல் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு மாத்திரை, நன்றாகச் சவைத்துத் தின்ன வேண்டும். செருப்பில்லாமல் வயலிலும் வரப்பிலும் நடக்கும் பிள்ளைகளுக்குக் கொக்கிப் புழு கால் தோல் வழியாகவே உள்ளே போகும், அது ரத்தத்தைக் குடித்துச் சோகையை உண்டாக்கும். வயிற்றில் புழு அதிகமுள்ள பிள்ளைக்கு மாத்திரைக்குப் பின் லேசான வயிற்று வலியோ குமட்டலோ வரலாம், சிறிது நேரத்தில் அடங்கிவிடும். அன்று காய்ச்சலாக இருக்கும் பிள்ளைக்குக் கொடுக்காமல், விடுபட்டவர்களுக்கான அடுத்த நாளில் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் சமீபத்தில் பூச்சி மருந்து கொடுத்திருந்தால் அதையும் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும்.

வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்பு மாத்திரை, 10 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நீல நிறம், 60 மில்லிகிராம் இரும்பு. அதற்குக் கீழ் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு, 45 மில்லிகிராம். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும் என்பதால் சத்துணவுக்குப் பிறகே கொடுக்க வேண்டும். தேநீரோடும் பாலோடும் வேண்டாம். மறுநாள் மலம் கறுப்பாகப் போவது இயல்பு, அதைப் பார்த்து அஞ்சி நிறுத்திவிடாதீர்கள். ஒரு முக்கியமான விலக்கு: தலசீமியா என்னும் பரம்பரை ரத்த நோய் உள்ள பிள்ளைக்கு உடலில் ஏற்கெனவே இரும்பு மிகுந்திருக்கும், மருத்துவர் சொல்லாமல் இந்த மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. அந்தச் செய்தி வகுப்பாசிரியரிடம் எழுத்தில் இருக்க வேண்டும்.

கஷாயம், லேகியம், சித்த மருந்துக்கும் கடிதம் வேண்டுமா?

வேண்டும். பதிவு பெற்ற சித்த மருத்துவரின் சீட்டும், பெயர் ஒட்டிய பாட்டிலும் இருந்தால் மற்ற மருந்தைப் போலவே நடத்தலாம். பெயரில்லாத பொடியையும் பஸ்பத்தையும் பள்ளி வாங்கி வைக்க வேண்டாம்.

மாதவிடாய் வலிக்கு மாணவிகள் மாத்திரை வைத்துக்கொள்ளலாமா?

தாய்க்குத் தெரிந்து, மருத்துவர் எழுதியதாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆசிரியை ஒருவரிடம் கொடுத்து வைப்பது இன்னும் நல்லது. தோழிக்கு ஒன்று கொடுப்பதுதான் இங்கே நேரும் தவறு. மெஃபனமிக் அமிலம் போன்ற வலி மாத்திரை வீசிங் உள்ள சிலருக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கும்.

பிள்ளையின் நோய் வெளியே தெரிந்துவிடுமே. அதுவும் பெண் பிள்ளை.

இந்தக் கேள்வியைக் கடைசியில்தான் கேட்கிறார்கள், ஆனால் பல வீடுகளில் முதல் கவலை இதுதான். வலிப்பு என்று ஊரில் ஒருமுறை பேசப்பட்டால், பத்தாண்டு கழித்துப் பெண் பார்க்க வருபவர் காதுக்கும் அது போய்ச் சேரும் என்ற அச்சம் கற்பனை அல்ல. ஆயினும், ஆசிரியரிடமே மறைத்துவிட்டால், வலிப்பு வரும் நாளில் வகுப்பு முழுவதும் வேடிக்கை பார்க்கும், சாவியும் வரும், தண்ணீரும் வரும், ஊருக்கும் தெரியும். தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், பதிலாகப் பொறுப்பேற்கும் இன்னோர் ஆசிரியர் ஆகிய மூவருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று எழுதிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பள்ளியின் பங்கும் இதில் பெரிது. இறைவணக்கக் கூட்டத்தில் பெயர் சொல்லி "மாத்திரை போட வா" என்று அழைப்பது, மருந்துப் பதிவேட்டை மேசைமேல் திறந்து போடுவது, மற்ற பெற்றோரிடம் பேச்சுவாக்கில் சொல்வது ஆகியவை கூடாது. குறிப்பிட்ட மணி அடித்ததும் பிள்ளை தானாக வந்து வாங்கிக்கொள்ளும்படி பழக்குங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தலசீமியா, ஹீமோஃபீலியா, அரிவாள் செல் நோய் ஆகியவற்றையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இத்தகைய நோயைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுப்பதையோ, சுற்றுலாவிலிருந்து ஒதுக்குவதையோ பெற்றோர் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

சுற்றுலா போகும்போதும், மழைக்குத் திடீர் விடுமுறை விடும்போதும் என்ன செய்வது?

பெரிய கோயிலுக்கோ பூம்புகாருக்கோ போகும் பேருந்தில், மருந்தும் கடித நகலும் பதிவேட்டின் ஒரு தாளும் பொறுப்பாசிரியரின் தோள்பையில் இருக்க வேண்டும். பேருந்தின் டிக்கியில் அல்ல. வழியிலுள்ள அரசு மருத்துவமனைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலச் சிக்கல் நம் பகுதிக்கே உரியது. மாவட்ட ஆட்சியர் காலையில் விடுமுறை அறிவித்துவிட்டால், மருந்து பள்ளிப் பீரோவிலும் பிள்ளை வீட்டிலும் இருக்கும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த பிறகு, பல பள்ளிகள் நாள் கணக்கில் முகாம்களாக இருந்தன. ஆகவே ஐப்பசியிலிருந்து மார்கழி வரை, பள்ளியில் ஒரு வாரத்துக்கு மேற்பட்ட மருந்தை வைக்காமல், மீதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வலிப்பு மாத்திரையும் இன்சுலினும் தீர்ந்த பிறகு வாங்கலாம் என்று விடாமல், அந்த மாதங்களில் இரண்டு வாரத்துக்கானது கூடுதலாகக் கையிருப்பில் இருக்கட்டும்.

ஆண்டு முடிவில் மீந்த மருந்தை என்ன செய்ய வேண்டும்?

கோடை விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாளில் பெற்றோர் வந்து கையெழுத்திட்டுத் திரும்பப் பெற வேண்டும். ஒருவருக்கு வந்த மருந்தை "இருக்கட்டும், வேறு பிள்ளைக்கு உதவும்" என்று வைத்துக்கொள்ளக் கூடாது. யாரும் வாங்க வராததையும் காலாவதியானதையும் வாய்க்காலிலோ பள்ளிக் கிணற்றிலோ வீசாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு அங்கே ஒப்படைத்துவிட்டு, பதிவேட்டில் அந்தப் பிள்ளையின் பக்கத்தை முடித்துக் கையெழுத்திடுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது பழைய கடிதம் செல்லாது. எடையும் மாறியிருக்கும், அளவும் மாறியிருக்கும், புதிய சீட்டோடு புதிய கடிதம் வர வேண்டும்.